அண்ணாச்சி பதில்கள்: “நான் செஞ்சது போதுமா?”

போன இதழ்ல, பவுல் அப்போஸ்தலன் ரோம் சபைக்கு எழுதின ரோமர் நிருபத்துல வர்ற ‘நீதிமானாக்கப்படுதல்’ங்கிற வார்த்தைய பத்தி, அதாவது தேவன் பாவிய குத்தம் இல்லாதவன்னு தீர்ப்பு சொல்றத பத்தி, ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனக்கல. எல்லாத்தையும் போட எடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டவங்களோடத சேத்து இந்த தடவ பக்கம் முழுசையும் அதுக்கே எடுத்துக்கிட்டேன். பேரு வேண்டாம்னு நெறைய பேரு கேட்டிருக்கீங்க, அதனால ஊரு மட்டும் தான் இருக்கும்.

அண்ணாச்சி, எங்க அம்மாவுக்கு 81 வயசு. கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு அஞ்சு மாசமா படுக்கையில தான் இருக்காவ. ஒரு ஞாயிறு ஆராதனை விட்டதில்ல, கோயிலுக்குன்னு கைப்பிடி அரிசி எடுத்து வைக்காம உலை வச்சதில்ல, லெந்து (தவக்காலம்) நாள் 40ம் ஒருபொழுது. இப்ப ராத்திரி ஆனா அழுதாவ, “நான் செஞ்சது போதுமா, ஆண்டவர் என்னைய சேத்துக்கிடுவாரா”ன்னு கேக்காவ. எங்க அத்தைகூட சொத்து விஷயத்துல 40 வருஷமா பேச்சில்ல, அத நெனச்சு தான் ரொம்ப பயம். நீங்க எவ்வளவோ நல்லது செஞ்சிருக்கீங்கம்மான்னு நாங்களும் சொல்லி பாத்துட்டோம், மனசு ஆற மாட்டேங்கு. என்ன சொல்லட்டும்? (நாசரேத் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி)

தங்கச்சி, ஒங்க கடிதத்த மூணு தடவ வாசிச்சேன். மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க, “நீங்க எவ்வளவோ நல்லது செஞ்சிருக்கீங்க”ன்னு அம்மாட்ட சொல்றத இன்னையோட நிறுத்திருங்க. அன்புல தான் சொல்லுதீங்க, தெரியுது. ஆனா அம்மா மனசுக்குள்ள ஒரு தராசு தொங்குது, ஒரு தட்டுல கைப்பிடி அரிசியும் ஒருபொழுதும், இன்னொரு தட்டுல அத்தை. நீங்க அரிசி தட்டுல இன்னும் ரெண்டு பிடி போட்டு பாக்கீங்க, அவங்களுக்கு நல்லா தெரியும் அந்த பக்கத்து தட்டு எறங்கினது எறங்கினது தான்னு. அந்த தராசையே கழத்தி வெளிய வைக்கணும், அத தான் பவுல் ரோமர் 4ல செய்யுதாரு.

“கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.” கிரியைன்னா நாம செய்யுற செயல், கிருபைன்னா தகுதி பாக்காம குடுக்கறது. இந்த ஒரு வசனம் புரிய எனக்கு எங்க தாத்தாவ நெனச்சா போதும். உடன்குடி பக்கம் பனையேறி அவரு, காலைலயும் சாயந்தரமும் முப்பது நாப்பது பனை ஏறி எறங்குவாவ, வாரக் கடைசில கருப்பட்டிய எடை போட்டு கூலி வாங்கும்போது யாருக்கும் கையெடுத்து கும்பிட்டதில்ல, ஏன் கும்பிடணும், அது அவருக்கு வரவேண்டிய காசு லா. அதே தாத்தா ஒரு வருஷம் பனைல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சு கயித்து கட்டில்ல கெடந்தாவ. ஒரு பனை ஏறல. அந்த வருஷம் ஆச்சி மூணு வேளையும் கஞ்சி ஊத்தி, கால் தூக்கி வச்சு, முதுகு தொடச்சு விட்டாவளே, அது எந்த கூலி? தாத்தா பின்னால எங்ககிட்ட சொல்லுவாவ, “ஏறின காலத்துல ஒங்க ஆச்சி என்மேல வச்ச பிரியம் எனக்கு தெரியல, கெடந்த காலத்துல தான் தெரிஞ்சுது”ன்னு.

இப்ப அம்மாவ பாருங்க, அஞ்சு மாசமா அவங்களால ஒங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து தர முடியல. நீங்க கழுவி தொடச்சு சோறூட்டுதீங்க, கணக்கு பாக்கீங்களா? இதையே அம்மாட்ட கேளுங்க. “அம்மா, நீங்க எனக்கு சமைச்சு போட்டதுக்கு பதிலாவா நான் இத செய்யுதேன்னு நெனக்கீங்க?”ன்னு கேளுங்க. அவங்களே இல்லன்னு தலையாட்டுவாவ, அங்கன இருந்து ஆரம்பிங்க. ஏன்னா அடுத்த வசனத்துல பவுல் சொல்றது இதவிட பெருசு: “ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்.” பாவியை. பாதி திருந்தினவனன்னோ, லெந்து ஒழுங்கா இருந்தவனன்னோ போடல. அந்த எடத்துல அம்மாவும் நிக்கலாம், அத்தை விஷயத்தோட சேத்தே நிக்கலாம்.

இந்த பயம் அம்மாவுக்கு மட்டும் வந்த பயம்னு நெனச்சிராதீங்க. பின்னால ஜெர்மனில சபை சீர்திருத்தத்த ஆரம்பிச்சு வச்ச மார்ட்டின் லுத்தர் 1505ல மடத்துல சேந்தப்ப அவரு மாதிரி உபவாசம் இருந்தவங்களும் ராத்திரி கண்முழிச்சவங்களும் கொஞ்சம் தான், பாவ அறிக்கை பண்ண உக்காந்தா மணிக்கணக்கா பண்ணுவாரு, முடிச்சு எந்திரிச்சா ஒண்ணு விட்டுப்போச்சேன்னு திரும்ப ஓடுவாரு. ‘தேவநீதி’ங்கிற வார்த்தையே அவருக்கு பயம், தேவன் நீதியா பாத்தா நான் தொலைஞ்சேன்னு தான் அத வாசிச்சாரு. ரோமர் 1:17ல “விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்”ங்கிறத ராவும் பகலுமா யோசிச்சு யோசிச்சு, இந்த நீதி தேவன் நம்மகிட்ட கேக்குற நீதி இல்ல, நமக்கு தர்ற நீதின்னு கண்டபோது பரதீசோட கதவே தொறந்த மாதிரி இருந்துச்சுன்னு பின்னால எழுதி வச்சாரு. இத்தனைக்கும் அவரு நல்லவரா இல்லன்னு இல்ல, போதுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா ‘போதும்’ங்கிற பதில் நம்ம பக்கத்துல இருந்து வரவே வராது, அவ்வளவு தான்.

அம்மாவுக்கு திருவிருந்து ஆராதனைல, அப்பமும் ரசமும் வாங்குறதுக்கு முன்னால வர்ற ஜெபம் மனப்பாடமா தெரியும், உம்ம பந்தில விழுற துணிக்கைய பொறுக்கக்கூட நாங்க பாத்திரர் இல்லன்னு ஜெபிச்சிட்டு, அதுக்கப்புறம் தானே எந்திரிச்சு போய் கை நீட்டி வாங்குதோம். இத்தன வருஷமா அந்த வரிசைல நின்னவங்களுக்கு இது புதுசு இல்ல. ராத்திரி அழும்போது வெளக்க போட்டுட்டு பக்கத்துல உக்காந்து ரோமர் 5:1ம் 8:1ம் வாசிங்க, “ஆக்கினைத்தீர்ப்பில்லை”, அதாவது தண்டனைத் தீர்ப்பு இல்லங்கிறத ரெண்டு தடவ வாசிங்க. ஆண்டவர் கடைசி நாள்ல சொல்லப்போற தீர்ப்ப விசுவாசிக்கிறவனுக்கு இப்பவே சொல்லியாச்சு, அதுக்கு பேரு தான் நீதிமானாக்கப்படுதல்.

அத்தை உயிரோட இருந்தா ஒரு போன் போட்டு அம்மா காதுல வச்சு குடுங்க. பேசுனா தான் மோட்சம்னு சொல்லி குடுக்காதீங்க, அம்மா, ஒங்களுக்கு மன்னிப்பு கெடச்சாச்சு, இனி அத்தைட்ட பேச பயம் என்னத்துக்குன்னு சொல்லி குடுங்க. அந்த வரிசை மாறக்கூடாது.

கிருபைக்கும் இரக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணு தானே? (வள்ளியூர் வாசகர்)

கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா இரக்கம்னா கஷ்டத்துல கெடக்கவன பாத்து மனசு எறங்கறது, கிருபைன்னா தகுதி பாக்காம குடுக்கறது. நம்ம ஊரு அசனத்த, கோயில்ல எல்லாரும் சேந்து சாப்பிடுற விருந்த நெனச்சுக்கோங்க, பந்தில உக்காந்தவன்ட்ட நீ எத்தன ரூபா வரி குடுத்தன்னு கேட்டா எல போடுதாவ? டாக்டரும் கூலிக்காரரும் பக்கத்து பக்கத்துல உக்காந்து அதே சோறு, அதே வாளில இருந்து அதே கூட்டு. ஆளு பாத்து பந்தி பிரிக்கிற எடம் எங்கயாவது இருந்தா அது அசனமே இல்ல, அங்க சோறு மட்டும் தான் இருக்கு.

நான் வக்கீல் குமாஸ்தாவா 22 வருஷம் இருக்கேன். குத்தம் பண்ணினவன்னு நல்லா தெரிஞ்சும் விடுதலை குடுக்குற ஜட்ஜ நாங்க நல்ல ஜட்ஜுன்னு சொல்ல மாட்டோம். தேவன் பாவிய நீதிமான்னு சொல்றது எப்படி சார் நீதி ஆகும்? கேக்கது தப்புன்னா மன்னிக்கணும். (பாளையங்கோட்டை)

தப்பே இல்ல சார், வேதத்த ஒழுங்கா வாசிக்கிறவன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. இன்னும் சொல்லப்போனா ஒங்க கட்சிக்கு நானே ஒரு வசனம் எடுத்து தாரேன், நீதிமொழிகள் 17:15, “துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்.” பாத்தீங்களா, பவுல் ரோமர் 4:5ல தேவன் செய்யுதாருன்னு சொல்ற அதே வேலைய சாலொமோன் அருவருப்புன்னு சொல்லுதாரு, தமிழ்ல வார்த்தைகூட ஒண்ணு தான். பவுலுக்கு இது தெரியாதா? பழைய ஏற்பாட்ட கரைச்சு குடிச்சவரு அவரு. தெரிஞ்சே தான் எழுதுதாரு.

மொதல்ல அந்த வார்த்தைய பாத்துருவோம். ‘நீதிமானாக்கு’ன்னு தமிழ்ல சொன்ன உடனே மண்ண பிசைஞ்சு பானையாக்குற மாதிரி, உள்ளுக்குள்ள ஆள மாத்தி நல்லவனாக்குறதுன்னு காதுல விழுது. ஆனா மேல சொன்ன நீதிமொழிகள் வசனத்துல அந்த அர்த்தம் வச்சு பாருங்க, கெட்டவன நல்லவனா மாத்துறது எப்படி கர்த்தருக்கு அருவருப்பா இருக்கும், சந்தோஷமா லா இருக்கணும். அப்ப அங்க அர்த்தம் தீர்ப்பு சொல்றது, இவன்மேல குத்தம் இல்லன்னு நியாயஸ்தலத்துல அறிவிக்கிறது. பவுல் பயன்படுத்துற கிரேக்க வார்த்தையும் அந்த நியாயஸ்தல வார்த்தை தான். அதுகூட இன்னொரு வார்த்தைய ரோமர் 4ல திரும்ப திரும்ப போடுதாரு, ‘எண்ணப்படும்’, ‘எண்ணப்பட்டது’ன்னு, அது கணக்கு நோட்டு வார்த்தை, இன்னார் பேருல வரவு வைக்கறது. கிரேக்கத்துல அந்த ஒரு அதிகாரத்துல 11 தடவ வருது.

சரி, குத்தவாளி பேருல நீதிய வரவு வச்சா அது பொய்க்கணக்கு தானேன்னு கேப்பீங்க. அந்த கடன் எங்க போச்சுன்னு காட்டாம வச்சா பொய்க்கணக்கு தான். ஒரு மளிகைக் கடைல என் பற்று 9,000 ரூபா நிக்குது, கடைக்காரர் “போகட்டும்”னு பக்கத்த கிழிச்சு போட்டாருன்னா அந்த 9,000 காணாம போகல, அத அவரு ஏத்துக்கிட்டாரு, அவரு போட்ட மொதல் பணத்துல இருந்து போச்சு. மன்னிப்புன்னாலே யாரோ ஒருத்தர் அந்த நஷ்டத்த சொமக்கணும், இல்லன்னா அது மன்னிப்பு இல்ல, மறதி. பிலேமோன் நிருபத்துல பவுல் ஓடிப்போன அடிமை ஒநேசிமுக்காக எழுதும்போது அவன் ஒங்களுக்கு ஏதாவது கடன்பட்டிருந்தா “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்”னு எழுதுதாரு. சிலுவைல கிறிஸ்து சொன்னது இது தான்னு நான் நெனக்கேன். ரோமர் 3:25, 26ல பவுல் அத நேராவே சொல்லுதாரு, தேவன் பாவத்த பாக்காதது மாதிரி தட்டி விட்டுட்டாருன்னு யாரும் சொல்லக்கூடாது, அவரு நீதியுள்ளவராவும் இருக்கணும், விசுவாசிக்கிறவன நீதிமானாக்குறவராவும் இருக்கணும், ரெண்டும் ஒரே எடத்துல நிக்கிறதுக்கு தான் கிறிஸ்துவ கிருபாதாரபலியா, பாவத்துக்கு ஈடான பலியா ஏற்படுத்தினாரு.

ஒரு எச்சரிப்பும் சொல்லணும் சார். சில பிரசங்கத்துல இத சொல்லும்போது ஜட்ஜ் ஒருத்தர், சம்பந்தமே இல்லாத அப்பாவி ஒருத்தன தெருவுல இருந்து இழுத்துட்டு வந்து தண்டிச்ச மாதிரி சொல்லிருதாவ. அது தப்பு, அப்படின்னா அது அநியாயம் தான். கிறிஸ்து மூணாவது ஆள் இல்ல. தேவனே கிறிஸ்துவுக்குள்ள இருந்து ஒலகத்த ஒப்புரவாக்கினாருன்னு 2 கொரிந்தியர் 5:19 சொல்லுது. தீர்ப்பு சொல்ற மேசைல இருந்து எறங்கி வந்தவரே குத்தவாளி கூண்டுல நின்னாரு. ஒங்க 22 வருஷத்துல அப்படி ஒரு கேஸ் பாத்திருக்க மாட்டீங்க.

நாங்க அஞ்சு தலைமுறையா கிறிஸ்தவங்க, எங்க பாட்டனார் கோயிலுக்கு நெலம் எழுதி குடுத்தவரு. எங்களையும் நேத்து வந்தவங்களையும் ஒரே மாதிரி பாவின்னு சொல்லி பிரசங்கம் பண்றது மனசுக்கு வருத்தமா இருக்கு. (முதலூர் பக்கம்)

ஐயா, ஒங்க பாட்டனார் குடுத்த நெலத்துல இன்னைக்கும் ஜனங்க முழங்கால் போடுதாவ, அதுக்காக தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனா அந்த பத்திரத்த ஆண்டவர் முன்னால நீட்ட முடியாது. இத நான் சொல்லல, பவுல் பிலிப்பியர் 3ல தன் வம்சம், தன் கோத்திரம், தன் ஒழுக்கம் எல்லாத்தையும் வரிசையா எழுதி அவ்வளவையும் குப்பைன்னு சொல்லுதாரு, ஒங்க குடும்பத்தவிட பெரிய பட்டியல் அது.

நம்ம திருநெல்வேலி சபை யாருகிட்ட இருந்து ஆரம்பிச்சுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. கிளாரிந்தா அம்மா, ஒரு பிராமண விதவை, இங்கிலீஷ்கார அதிகாரி ஒருத்தரோட கல்யாணம் இல்லாம இருந்தாங்கன்னு மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் மொதல்ல ஞானஸ்நானம் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அந்த அதிகாரி எறந்த பெறகு 1778ல தான் குடுத்தாரு. அந்த அம்மா கட்டுன கோயில் தான் 1785ல இருந்து பாளையங்கோட்டைல நிக்குது, பாப்பாத்தியம்மாள் கோயில்னு சனங்க சொல்றது அதத்தான். சொந்த சாதியும் சேக்கல, ஒலகமும் நல்லவன்னு சொல்லல. நம்ம அஞ்சு தலைமுறையும் அந்த அம்மா நுழைஞ்ச வாசல் வழியா தான் உள்ள வந்துருக்கு. எனக்கு அத நெனச்சா வருத்தம் வரல, கண்ணுல தண்ணி வருது.

நான் கத்தோலிக்க பொண்ணு, கட்டிக்கிட்டு வந்த வீடு சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை). ஒங்க சபை கிரியையால மோட்சம்னு சொல்லுது, நாங்க விசுவாசத்தால மட்டும்னு சொல்லுதோம்னு கொழுந்தனார் அடிக்கடி சண்டைக்கு வாரார். யாக்கோபு நிருபம் 2:24ல கிரியைகளினாலே நீதிமானாக்கப்படுறதுன்னு இருக்கே, அத காட்டினா பதில் இல்ல. யாரு சரி? (தூத்துக்குடி)

தங்கச்சி, ஒங்க கொழுந்தனார்ட்ட மொதல்ல சொல்லுங்க, கத்தோலிக்க சபை அப்படி சொல்லல. 1547ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரெந்து சங்கத்துல லுத்தர எதுத்து எழுதினப்பவே, நீதிமானாக்கப்படுறதுக்கு முன்னால உள்ளது எதுவும், விசுவாசமோ கிரியையோ, அந்த கிருபைய சம்பாதிக்காதுன்னு எழுதி வச்சிருக்காவ. பெறகு எங்க சண்டைன்னா, அந்த நீதி நமக்கு எப்படி சொந்தமாகுதுங்கிறதுல. கிறிஸ்துவோட நீதி நம்ம பேருல எண்ணப்படுதுன்னு லுத்தர் பக்கம், அந்த நீதி நமக்குள்ள ஊத்தப்பட்டு நம்மள மாத்துது, அது வளரவும் செய்யும்னு அவங்க பக்கம். சின்ன விஷயம் இல்ல, நான் எங்க நிக்கேன்னு மேல எழுதின பதில்லயே தெரிஞ்சிருக்கும், சாகப்போறவங்க தனக்குள்ள எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்து பாத்தா சமாதானம் வராது, வெளிய சிலுவைய பாத்தா தான் வரும். ஆனா 1999 அக்டோபர் 31ல ஆக்ஸ்பர்க் பட்டணத்துல கத்தோலிக்க சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் சேந்து கையெழுத்து போட்டு, நம்ம பக்கத்து தகுதி எதையும் பாக்காம, கிருபையால மட்டுமே, கிறிஸ்துவோட இரட்சிப்பின் வேலைல வைக்கிற விசுவாசத்துல தேவன் நம்மள ஏத்துக்கிடுதாரு, நற்கிரியை செய்ய நம்மள பெலப்படுத்துதாருன்னு அறிக்கை குடுத்தாவ. 2006ல மெதடிஸ்டுகளும் சேந்துக்கிட்டாவ. எல்லா வித்தியாசமும் தீந்துபோச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா சாப்பாட்டு மேசைல வச்சு சண்ட போடுற அளவுக்கு இனி அதுல ஒண்ணும் இல்ல.

யாக்கோபுக்கு வாரேன். ரெண்டு பேரும் ஆபிரகாம தான் சாட்சிக்கு கூப்புடுதாவ, எந்த நாள்ல உள்ள ஆபிரகாமன்னு பாருங்க. பவுல் எடுக்குறது ஆதியாகமம் 15, ஒன் சந்ததி இவ்வளவா இருக்கும்னு தேவன் வானத்து நட்சத்திரத்த காட்டி சொன்னத ஆபிரகாம் நம்புனாரு, அது நீதியா எண்ணப்பட்டுச்சு, அப்ப விருத்தசேதனம்கூட இல்ல, அது 17ஆம் அதிகாரத்துல தான் வருது. யாக்கோபு எடுக்குறது 22, தேவன் கேட்டதுக்காக மகன் ஈசாக்க பலிபீடத்துல கெடத்துன நாள். நடுவுல எத்தனையோ வருஷம். அன்னைக்கு நம்புனது வாய் நம்பிக்கையா நெச நம்பிக்கையான்னு இன்னைக்கு தெரிஞ்சுபோச்சுன்னு யாக்கோபு சொல்லுதாரு. அவரு எதுத்து பேசுறது எந்த விசுவாசத்த? “பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன”ன்னு சொல்றாரே அந்த விசுவாசத்த, பசிச்சு வந்தவன்ட்ட போய் குளிர்காயி, வயிறார சாப்பிடுன்னு வாய்ல மட்டும் சொல்லி அனுப்புற விசுவாசத்த. அத பவுலும் விசுவாசம்னு ஒத்துக்கிட மாட்டாரு.

நான் வைணவன், ஆழ்வார்திருநகரி. எங்கள்ல குரங்குக்குட்டி, பூனைக்குட்டின்னு ரெண்டு உவமை உண்டு, குரங்குக்குட்டி தாய இறுக்கி புடிச்சுக்கிடும், பூனைக்குட்டி சும்மா இருக்கும், தாய்ப்பூனை கவ்விக்கிட்டு போகும். தென்கலையார் நாங்க பூனைக்குட்டி கட்சி. ஒங்க கிருபையும் இதுவும் ஒண்ணு தானே?

ஐயா, நம்மாழ்வார் பொறந்த ஊர்ல இருந்து இந்த கேள்வி வந்தது எனக்கு பெரிய சந்தோஷம். நெருக்கம் இருக்கு, இல்லன்னு சொன்னா நேர்மை இல்ல. தன் முயற்சிய கைவிட்டு சரணம்னு விழுறது என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு பவுல் எழுதினது சட்டுன்னு பிடிபடும், தெரியாதவங்களுக்கு தான் ரொம்ப வெளக்கணும். நம்ம கரையிருப்புல 1827ல வைணவ குடும்பத்துல பொறந்த கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்துல தமிழ் ஆசிரியரா இருந்தவரு, பின்னால கிறிஸ்தவராகி பாடுன பாட்ட கேட்டா ஆழ்வார் பாசுரத்துல ஊறின நாக்குன்னு யாருக்கும் தெரியும். அந்த பக்திய அவரு வெளிய வச்சிட்டு வரல.

ஆனா ஒண்ணு தானான்னா, இல்லன்னு தான் என் மனசறிஞ்சு சொல்லணும். நாங்க சொல்ற கிருபை ஒரு நாள்ல, ஒரு எடத்துல, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து ஆண்ட காலத்துல எருசலேமுக்கு வெளிய நடந்த ஒரு சாவுமேல நிக்குது. அது நடக்கலன்னா எங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. பூனைக்குட்டி உவமை தூக்கிட்டு போற அன்ப காட்டுது, அழகா காட்டுது. குட்டிமேல ஒரு குத்தச்சாட்டு இருந்து, அத தாய் தன்மேல எடுத்துக்கிட்டதுங்கிறது எங்க நம்பிக்கையோட நடு எடம், அது அந்த உவமைக்குள்ள வரல. ஒரு நாள் எங்க ஊரு பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசுவோம், கடிதத்துல அடங்காது.

எல்லாம் இலவசம், கிருபைன்னா பெறகு எதுக்கு நல்லவனா இருக்கணும்? இஷ்டத்துக்கு இருந்துட்டு கடைசில விசுவாசிச்சா போதுமே. (கல்லூரி மாணவன், திருநெல்வேலி)

தம்பி, இந்த கேள்விய பவுல்ட்டயே கேட்டிருக்காவ, ரோமர் 6:1ல இருக்கு, “கூடாதே”ன்னு ஒரே வார்த்தைல பதில் சொல்லுதாரு. நீ இத கேட்டது நல்லது தான், ஏன்னா இந்த கேள்வியே எழும்பாத மாதிரி ஒருத்தர் கிருபைய பிரசங்கிச்சா அவரு முழுசா சொல்லலன்னு அர்த்தம்.

பனங்கொட்டை பொதைச்சு பாத்திருக்கியா? ஊருக்கு போனா பாரு. கொட்டைல இருந்து மொளை வந்த உடனே மேல வராது, நேரா மண்ணுக்குள்ள கீழ எறங்கும், பொங்கலுக்கு நாம அவிச்சு திங்கற கெழங்கு அது தான். மேல ஒண்ணும் தெரியாது, தோண்டாத வர ஒண்ணுமே நடக்கலன்னு தான் தோணும். அது பனையாகி பாளை விட பதினஞ்சு இருபது வருஷம் ஆவும். பனங்கொட்டை பாளை விட்ட பெறகு தான் பனைன்னு ஆவுதா? மொளைச்ச அன்னைக்கே பனை தான். ஆனா மொளைச்சது உயிரா இருந்தா ஒரு நாள் பாளை வந்தே தீரும். நீதிமானாக்கப்படுறது ஒரு நொடி, பரிசுத்தமாகுறது ஆயுசு முழுசும். ரெண்டையும் குழப்பக்கூடாது, பிரிக்கவும் கூடாது. எபேசியர் 2:8, 9 எல்லாருக்கும் மனப்பாடம், கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்னு, பத்தாவது வசனத்த யாரும் சொல்றதில்ல, “நற்கிரியைகளைச் செய்கிறதற்கு” சிருஷ்டிக்கப்பட்டோம்னு அதுல தான் இருக்கு. கடைசில விசுவாசிச்சுக்கிடலாம்னு சொல்றியே, ஒன்னைய நேசிக்கிற ஒருத்தர்கிட்ட “கடைசி நாள்ல வாரேன், அது வரைக்கும் வேண்டாம்”னு சொல்ல ஒனக்கு மனசு வருதுன்னா நீ இன்னும் அவர பாக்கவே இல்ல தம்பி. கோவத்துல சொல்லல, பாருன்னு தான் சொல்லுதேன்.

எனக்கு விசுவாசம் ரொம்ப கம்மி அண்ணாச்சி, ஜெபம் பண்ணும்போதே சந்தேகம் வருது. விசுவாசத்தால நீதிமான்னா நான் தேற மாட்டேன். (ஏரல்)

அக்கா, நீங்க 2023 டிசம்பர் வெள்ளத்த பாத்த ஊர்க்காரங்க. அப்ப ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் தண்ணிக்கு நடுவுல நின்னுபோய் சனங்க மாட்டிக்கிட்டாவளே, ஹெலிகாப்டர்ல சாப்பாடு கொண்டுவந்து போட்டாவ. அந்த பொட்டலத்த வாங்கின கைகள்ல நடுங்கின கையும் இருந்திருக்கும், இது நமக்கு வந்து சேருமான்னு சந்தேகப்பட்ட கையும் இருந்திருக்கும். வயிறு நெறைஞ்சது கையோட பலத்துலயா, பொட்டலத்துலயா? விசுவாசம்னா கை, அவ்வளவு தான். அதையும் ஒரு கிரியையாக்கி, நான் எவ்வளவு உறுதியா நம்புதேன்னு அளக்க ஆரம்பிச்சா பழைய தராசு திரும்ப வீட்டுக்குள்ள வந்துரும். மாற்கு 9:24ல ஒரு தகப்பன் அழுதுக்கிட்டே சொன்னத நீங்களும் சொல்லுங்க, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்னு. அவன் மகன் அன்னைக்கே சொகமானான், சந்தேகம் எல்லாம் தீந்த பெறகு வான்னு ஆண்டவர் அவன திருப்பி அனுப்பல.

எங்க ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஞானஸ்நானம், திடப்படுத்தல், காணிக்கை எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. சிலுவைல தொங்கின கள்ளன் இது ஒண்ணுமே பண்ணலையே, எப்படி பரதீசுக்கு போனான்? (6ஆம் வகுப்பு மாணவி, டோனாவூர்)

மக்ளே, நல்லா கேட்ட. டீச்சர் சொல்லிக்குடுத்தது எல்லாம் நமக்கு வேணும், ஆண்டவர் சபைக்கு குடுத்தது அது. ஆனா அந்த கள்ளனுக்கு கை ரெண்டும் அசைக்க முடியாது, நடந்து ஒரு எடத்துக்கு போக முடியாது, திருடினத திருப்பி குடுக்கவும் நேரம் இல்ல. வாய் மட்டும் தான் மிச்சம். அத வச்சு “அடியேனை நினைத்தருளும்”னு கேட்டான், இன்னைக்கே நீ என்னோட இருப்பன்னு ஆண்டவர் சொல்லிட்டாரு. ஒண்ணுமே பண்ணலன்னு சொல்றியே, அது மட்டும் சரியில்ல. எல்லாரும் இயேசுவ கேலி பண்ணிக்கிட்டு நின்ன அந்த நேரத்துல அவன் ஒருத்தன் மட்டும் அவருக்காக ஒரு வார்த்தை பேசினான். என்ன வார்த்தை, யாருகிட்ட பேசினான்னு லூக்கா 23ல தேடி பாரு, கண்டுபிடிச்சா வசன எண்ணோட எனக்கு ஒரு கார்டு போடு.